பூமணியின் வீடு தூரப்போன கதை

காலடியால் தூரம் அளப்பவர், முதலில் தன் காலடியின் நீளத்தைச் சரிபார்க்க வேண்டும். காணிக் கந்தோரில் உத்தியோகம் பார்த்த காலத்தில் இந்த விதியைப் பலரையும் ஒப்புவிக்க வைத்தவன் நான்.

பக்கத்து வீட்டுப் பூமணியின் கிணறு, வாவியின் உப்புநீர் ஊறி உவர்த்துப்போனது. குழாய் இணைப்புக்கு விண்ணப்பித்தாள். வீதிக் குழாயிலிருந்து அவள் வீடுவரை நடந்து அளந்து, வரைபடம் கீறிக் கொடுத்தேன். தூரம் அனுமதித்த எல்லையைத் தாண்டுகிறதென்று விண்ணப்பம் திரும்பி வந்தது.

நான் போட்டது உத்தியோக காலத்துக் காலடிக் கணக்கு. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு என் காலடி குறுகிவிட்டதை மறந்துபோனேன். காலடிகளின் எண்ணிக்கை கூட, கணக்கில் தூரமும் கூடிவிட்டது.

பயந்து பயந்துதான் அவளிடம் சொன்னேன். தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள்.

“என்ட வீடு இருந்த இடத்திலதான் கிடக்கு ஐயா. உங்கட கால்தான் கிழண்டிப் போயிட்டு. வாங்க, திரும்ப அளப்பம். நானும் கூட வாறன்.”

தன் தையல் நாடாவால் என் காலடியை அளந்தாள். பிறகு என் முழங்கையைப் பிடித்தபடி வீதிவரை நடந்தாள்.

பிழை கண்டால் எழுத்தில் விளக்கம் கேட்பது என் பழக்கம். என்னிடம் விளக்கம் கேட்க உரிமையுள்ள ஒரே ஆள், நான் விழாமல் பார்த்துக்கொண்டு வந்தாள்.

புதிய வரைபடத்துக்கு அனுமதி வந்தது தைப்பொங்கலுக்கு முதல் நாள்.