தண்ணீருக்குள் மச்சானின் நாடி

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பயப்படுவதில் மட்டும் குறைவில்லை. என் தங்கை புருஷன் கடியபட்டணம் பாறைகளில் மூழ்கிச் சிப்பி எடுப்பவர். ஒருநாள் கட்டுமரத்தில் கூடப் போனேன். மரத்தைப் பிடித்தபடி, மூச்சடக்கி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து அவர் பாறையைத் தேடும்போது கையைப் பிடித்து நாடி பார்த்தேன். துடிப்பு அவ்வளவு மெதுவாக இருந்தது. எனக்கு உயிரே போயிற்று.

கரைக்கு வந்ததும் தங்கையிடம் அழுதேன். "ஏட்டி, அவருக்கு நெஞ்சு நின்னு போவும். கடலுக்கு விடாத!"

அவள் அவரைக் குருசடிச் சிலுவை முன் நிறுத்தி, இனி மூழ்குவதில்லை என்று சத்தியம் வாங்கிவிட்டாள். சிப்பிக் காலத்தில் மூன்று வாரம் அந்த வீட்டில் வெறும் மரச்சீனிக் கிழங்குதான்.

மனம் கேட்காமல் மச்சானை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் கூட்டிப்போனேன். அவரோ என் முகத்தை வாளித் தண்ணீரில் முக்கச் சொல்லி, மச்சானை நாடி பிடிக்க வைத்தார்.

"மச்சான், ஒமக்கும் நிக்கப் போவுது ஓய்!" என்று மச்சான் சிரித்தார்.

"மூச்சடக்கி முகம் தண்ணியில பட்டா எல்லாருக்கும் நெஞ்சு மெதுவாத்தான் அடிக்கும்," என்றார் கம்பவுண்டர். "உள்ள இருக்க காத்து நெறைய நேரம் வரணும்லா?"

தங்கை பாதிரியாரிடம் சொல்லிச் சத்தியத்தைத் தீர்த்தாள். மச்சான் மறுநாளே கடலுக்குப் போனார். என் பயத்தை நான் பாசம் என்றே நினைத்திருந்தேன். அதற்காக அரைப்பட்டினி கிடந்ததை இருவரும் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.