நாகமணி மேசனார் ருசி பார்க்காத தண்ணீர்

இந்த நினைவு மலரில் எழுத எனக்கு உரிமை இல்லை. முதலில் அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஊரில் வீடுகள் கட்டிய நாகமணி மேசனாரின் மகள் தேவகி, அவருடைய முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் இந்த நாலு பக்கத்துக்காக என்னிடம் வந்தாள். "ஊரில கெம்பஸ் போய்ப் படிச்ச ஆள் நீங்க ஒராள்தானே அக்கா. அப்பாவப் பத்தி நாலு வரி எழுதித் தாங்க" என்றாள். மறுத்திருக்க வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசும் எனக்கு, சொல்ல வேண்டியதைச் சொல்ல இந்தத் தாளைத் தவிர வேறு இடம் இல்லை. அதனால் ஓம் என்றேன்.

செய்தியைத் துறையடியிலிருந்து அப்பாதான் கொண்டுவந்தார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி, "நம்மட மேசன் பொயிட்டாராம். சித்தாண்டிப் பக்கம் வேலை செஞ்ச இடத்தில செல் விழுந்து வெடிச்சதாம்" என்றார்.

"ஆர்ர செல்?" என்று அம்மா கேட்டார்.

"ஆர்ரயா இருந்தா என்னகா? மனிசன் போனது போனதுதானே."

பிறகு அப்பா வாசலுக்கு மேலே இருக்கும் கொங்கிரீட் லிண்டலை அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். மேசனார் இரண்டு முறை போட்ட லிண்டல் அது.

எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டிவைத்துத்தான் கலியாணம் பேசுவார்கள். அந்த வீட்டைக் கட்ட ஒரு மேசனை நம்புவது இந்த யுத்தத்துக்குள் பெரிய காரியம். ஒவ்வொரு சீமெந்துப் பையும் அனுமதிக் கடிதத்தோடு வாவியைக் கடந்து எங்கள் கரையான படுவான்கரைக்கு வரவேண்டும். எங்களுக்கு முதலில் வந்த மேசன் எங்கள் பைகளில் பாதியை வேறொரு வீட்டில் கலந்துவிட்டான். அவன் எழுப்பிய சுவரை அம்மா நகத்தால் சுரண்டினார், மண்ணாக உதிர்ந்தது. கொக்கட்டிச்சோலைச் சந்தையில் கண்டவர்களிடமெல்லாம் அப்பா, "கள்ளமில்லாத மேசன் ஆரும் இரிக்காங்களா?" என்று விசாரித்துத் திரிந்தார். எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்.

வந்தவர் சுவரைப் பார்க்கவில்லை. வாவியோரமாக இருந்த எங்கள் கிணற்றில் ஒரு வாளி அள்ளினார். விரலை நனைத்து நாக்கில் வைத்தார். துப்பினார்.

"இது சவர்த்தண்ணி, உப்பு. இதில கொங்கிரீட் போட்டா உள்ளுக்க கம்பி கறள் பிடிச்சி வெடிக்கும். கோயில் கிணத்துத் தண்ணி அள்ளித் தந்தா வாறன். இல்லாட்டி வேற ஆளப் பாருங்க."

"கோயில் கிணறு அரைக் கட்டை தூரத்தில கிடக்கு மேசன்" என்றார் அப்பா.

"அரைக் கட்டைய நினைச்சா அரை வீடுதான் கட்டலாம்."

அன்றிலிருந்து தண்ணீர் என் பொறுப்பானது. சைக்கிளின் இரு பக்கமும் கலன் கட்டி, காலையில் ஆறு நடை. ஒவ்வொரு நடைக்கும் மேசனார் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். எனக்கு அது அவமானமாக இருந்தது. அவருக்கு அது விளங்கியிருக்க வேண்டும். "உன்னில சந்தேகமில்ல மனே. தண்ணியிலதான் சந்தேகம்" என்று ஒருநாள் சிரித்தார். பெண்பிள்ளையையும் 'மனே' என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்.

லிண்டல் போடும் நாளில் வீட்டுக்காரர் மேசனுக்கு வட்டாவில் வெற்றிலை வைத்துக் கொடுத்த பிறகே வேலை தொடங்கும். அன்று காலை நான் கோயில் கிணற்றுக்குப் போனேன். கிணற்றடியில் துவக்குகளோடு ஆட்கள் நின்றார்கள். யாரென்று பார்க்கவில்லை. ஒருவன் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. நான் சைக்கிளைத் திருப்பினேன். வீட்டுக்குப் பின்னால் வந்து, எங்கள் கிணற்றிலேயே கலன்களை நிரப்பினேன்.

மேசனாரின் வாய் நிறைய வெற்றிலை. சீமெந்துப் பை உடைத்தாகிவிட்டது. கலனைத் தொட்டவர் கையை எடுத்துக்கொண்டார்.

"வெத்தில போட்ட வாய்க்கு உப்புத் தெரியாது. நீ சொல்லு மனே, கோயில் கிணத்துத் தண்ணிதானே?"

நான் ஓம் என்று தலையை ஆட்டினேன்.

அந்த ஒரு தலையாட்டலோடு இன்றுவரை இருக்கிறேன்.

இரண்டு மாரி கழிந்தது. நான் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தபோது லிண்டல் வெடித்து, பழுப்பு நீர் சுவரில் வழிந்திருந்தது. அப்பா ஆளனுப்பி மேசனாரை அழைத்தார். அயலவர்கள் கூடிவிட்டார்கள். "உன்ன நம்பித்தானே என்ட புள்ளைக்கு வீடு கட்டின நான்" என்று அப்பா கத்தினார். மேசனார் உதிர்ந்து கிடந்த ஒரு துண்டைப் பொறுக்கினார். அதை நாக்கில் வைத்தார்.

"என்ட பிழைதான். தண்ணிய நாந்தான் பாத்திருக்கணும்" என்றார்.

என் பக்கம் அவர் திரும்பவேயில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதை அதில்தான் அறிந்தேன். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அந்தக் கிழமையே வந்து வாசலுக்கு முட்டுக் கொடுத்து, பழைய லிண்டலை உடைத்து, புதிதாகப் போட்டுத் தந்தார். அந்த முறை அவர் வெற்றிலை வாங்கவில்லை. ஆனால் ஊருக்குள் கதை போய்விட்டது. 'நாகமணி கட்டினா வெடிக்கும்' என்றார்கள். முன்பு வரிசையில் காத்திருந்தவர்கள் வேறு மேசன் தேடினார்கள். வேலை தேடி அவர் வாவியைக் கடந்து, சித்தாண்டிப் பக்கம் போகத் தொடங்கினார்.

ஒருமுறை துறையடியில் அவரைக் கண்டேன். சொல்லிவிட வேண்டும் என்று கிட்டப் போய், "மாமா, அண்டைக்கித் தண்ணி..." என்று தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை.

"கெம்பஸில என்ன மனே படிக்கிறாய்?"

"இரசாயனம்."

"அப்ப உப்பப் பத்தித்தான் படிப்பாய்!" என்று வாய் விட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெத்தில போட்டது என்ட வாய். அத உட்டுப்போட்டு நல்லாப் படி" என்று சொல்லிவிட்டு, வாவியைக் கடக்கும் பாதையில் ஏறினார். அந்த மிதவை அக்கரை சேரும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

தேவகி, நீ கேட்டது நல்லதாக நாலு வரி. உன் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்லது இதுதான். அவரை ஊரைவிட்டுத் தூரத்துக்கு அனுப்பியது நான் ஆட்டிய தலை. இதைப் படித்த பிறகு நீ என்னோடு பேசாமல் விட்டால் அது நியாயம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். எங்கே தண்ணீர் தந்தாலும் விரலை நனைத்து நாக்கில் வைத்த பிறகே குடிக்கிறேன். அயல் வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். ஊரில் எத்தனையோ பெண்பிள்ளைகளுக்கு வீடு கட்டியவர் தன் மகளுக்குக் கட்டிய வீடு யன்னல் மட்டத்தில் நிற்கிறது. அவரோடு வேலை செய்தவர்களே, அவர் கட்டினால் வெடிக்கும் என்று நம்பியவர்களே, ஆளுக்கொரு நாள் வாருங்கள். அதை எழுப்பி முடிப்போம். தண்ணீர் நான் கொண்டுவருகிறேன். கோயில் கிணற்றில் யார் நின்றாலும் கொண்டுவருவேன். ஆனால் என் சொல்லை நம்பாதீர்கள். ஒவ்வொரு கலனையும், சாந்து குழைக்கும் முன், யாராவது ஒருவர் நாக்கில் வைத்துப் பாருங்கள்.