மிஷின் காலில் கட்டிய மூட்டை

உள் அறையில் சங்கிலி தரையில் உரசும் சத்தம் கேட்டது. அடுத்து 'பொத்'தென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

"உக்காந்துட்டானா?" தையற்காரி மிஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

கிடங்குக் காவலாளி மூச்சு வாங்க வெளியே வந்தார். "மூட்டைன்னு சரியாத்தான் பேரு வெச்சிருக்க, தங்கச்சி. நான் இழுத்தா தரையும் சேர்ந்து வருது."

மூட்டை, அவள் மகன் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன நாய். மகனிடமிருந்து வாரம் ஒரு போன் வரும். மற்ற நாட்களில் இந்த மாடி அறையில் அவளோடு மூச்சு விடுகிற ஜீவன் அது ஒன்றுதான். மொட்டைமாடியை அது அசிங்கம் செய்கிறது என்று வீட்டுக்காரம்மா கெடு வைத்துவிட்டாள். தினமும் சங்கிலி போட்டுத் தெருவுக்குக் கூட்டிப் போக வேண்டும். இல்லையென்றால் இன்றோடு நாய் வெளியே. ஒரு மாதமாக நாயைக் கெஞ்சிப் பார்த்தாள், பிஸ்கட் காட்டிப் பார்த்தாள். மூட்டை அசையவில்லை. வேறு வழியில்லாமல், கிடங்குக் காவலுக்கு நாய் தேடிக்கொண்டிருந்த இவரிடமே கொடுத்துவிடச் சம்மதித்திருந்தாள்.

"சங்கிலி எப்ப போடுவ இவனுக்கு, தங்கச்சி?"

"அளவு கொடுக்க ஆளு வந்தாத்தான் அண்ணே. துணியெல்லாம் முடி ஒட்டிக்கும்ல. இந்த மிஷின் கால்ல கட்டி, 'உக்காருடா'ம்பேன். சமத்தா உக்காந்திருப்பான்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

காவலாளி அவளைப் பார்த்தார். அவள் கால் மிதியில் அப்படியே நின்றது.

"நல்லாத்தான் பழக்கியிருக்க. சங்கிலி போட்டா உக்காரணும்னு. இப்ப அடம் பிடிக்கிறான்னு அவனைத் திட்டுற!"

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். மிச்சத் துணியில் நீளமாக ஒரு பட்டை கிழித்தாள். மூன்றாக மடித்து, இரட்டைத் தையல் போட்டாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே போய்ச் சங்கிலியைக் கழற்றினாள். வாசலில் வைத்துப் பட்டையின் ஒரு முனையைக் கழுத்தில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்தாள். மூட்டை அதை முகர்ந்தது. உட்காரவில்லை.

"இழுக்காதே," என்றார் காவலாளி. "நீ பாட்டுக்கு நட."

நடந்தாள். படிக்கட்டில் மூட்டை ஒருமுறை நின்றது, அவளும் நின்றாள். பிறகு அதுவே இறங்கியது. தெரு விளக்குக் கம்பத்தடியில் காலைத் தூக்கியது. ஜன்னலில் நின்ற வீட்டுக்காரம்மா, "ம்... இப்படியே தினமும் நடக்கணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தையற்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் ஒன்றும் அவ்வளவு இல்லை.

அவள் மேலே வந்ததும் காவலாளி, நாயை ஸ்கூட்டரில் ஏற்றிப் போகக் கொண்டுவந்த சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "அப்ப என் கிடங்குக்கு நாய்?"

"நீங்களே குரைச்சுக்குங்க அண்ணே."

அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கினார். அவள் கதவைச் சாத்தினாள்.