தியலும போகக் குறித்த நாள்

தங்கைக்குத் தியலும நீர்வீழ்ச்சியைக் காட்டுவதற்கு நான் போட்ட திட்டத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை, போட்டவனைத் தவிர. மருதமுனையில் அந்த நாளில் என்னைவிடக் கெட்டிக்காரன் இல்லையென்று எனக்கொரு நினைப்பு. பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தேன். வரைபடத்தில் கையை வைத்தால் ஊருக்கு வழி தெரிந்துவிடும் என்று நம்பியிருந்தேன்.

எல்லாம் ஒரு கலண்டரில் தொடங்கியது. எண்பத்து மூன்றாம் ஆண்டுக்கென்று கல்முனையில் ஓர் இரும்புக்கடையில் தந்தார்கள். மேலே படம், கீழே கிழிக்கிற தாள். படத்தில் கறுப்புப் பாறையொன்று வானம் வரைக்கும் எழும்பி நிற்க, அதன் உச்சியிலிருந்து வெள்ளையாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தங்கை அதை வாங்கிச் சன்னலடிக்குக் கொண்டுபோய், முகத்துக்குக் கிட்டப் பிடித்து, மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தாள். அவளால் முழுப் படத்தையும் ஒரேயடியாகப் பார்க்க ஏலாது.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. எனக்கு அவளைவிட ஒன்பது வயது கூட. சின்ன வயதிலிருந்தே பொழுதுபட்டால் அவளுக்குக் கண் மங்கும். மாலைக்கண் என்று மீனெண்ணெய் கொடுத்தோம். பிறகு தறியில் இருக்கும்போது ஓரத்து நூல் அறுந்தாலும் தெரியாமல் நெய்துகொண்டே போனாள். கொழும்புக்குக் கூட்டிப்போனேன். கண் டாக்டர் பார்த்துவிட்டு, பார்வை ஓரத்திலிருந்து உள்ளே சுருங்கி வருகிறது, மருந்தில்லை, இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ என்றார். தாயும் தகப்பனும் சொந்தமா என்று கேட்டார். ஓம், மச்சான் மச்சி என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இந்தச் செய்தியை நாங்கள் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தோம். வாப்பா, உம்மா, அவள், நான். கல்யாணம் பேச வருகிறவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

அவள் அழுததை நான் காணவில்லை. கலண்டர் வந்த அன்று மட்டும் அண்ணனான என்னிடம் ஒன்று கேட்டாள்.

"காக்கா, இது எங்க இரிக்கி?"

பதுளை மாவட்டமும் மொனறாகலை மாவட்டமும் தொட்டுக்கொள்ளும் எல்லைப் பக்கம், மலைநாடு முடிந்து சமவெளி தொடங்கும் இடம் என்று வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன்.

"நம்மட ஊரில தலையத் தூக்கிப் பாக்கிறத்துக்குத் தென்னமரத்த விட்டா என்ன இரிக்கி? கடலும் தரையோட, வயலும் தரையோட. இது ஒண்ட மட்டும் எனக்குக் காட்டிருங்க. பிறகு கண் போனாப் போகட்டும்."

நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஓம் இன்னும் என் நெஞ்சில் கிடந்து குத்துகிறது.

போவதென்றால் நோன்புப் பெருநாளை ஒட்டித்தான் போகலாம். வாப்பாவுக்கு வயல் வேலை இருக்காது, எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பெருநாளன்று ஒருவரும் ஊரைவிட்டு வெளிக்கிட மாட்டார்கள். பெருநாளுக்கு மறுநாள் பயணம். பொத்துவில், லாகுகலைக் காடு, மொனறாகலை, வெல்லவாய என்று கொப்பியில் வழி கீறினேன். எங்கே நின்று லுஹர் தொழுவது, எங்கே சோத்துப் பார்சலைப் பிரிப்பது, காட்டில் யானை நின்றால் எவ்வளவு நேரம் பிந்தும் என்பதெல்லாம் அதில் இருந்தது. உம்மா தன் பங்குக்குப் பன்பாய், தைலப் போத்தல், அடியில் விரிக்கப் படங்கு என்று சேர்த்துக்கொண்டு போனார். வீட்டைப் பெயர்த்து ஏற்றுவதாகவே வாப்பா பகிடி பண்ணினார்.

வேனுக்கு அடுத்த ஊரான பாண்டிருப்பில் ஒரு தமிழரைப் பிடித்தேன். நல்ல மனுசன், நிதானமாக ஓட்டுவார். பெருநாள் காலத்தில் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. நோன்பு முடிகிற கிழமையில் புதன்கிழமை மட்டும்தான் சும்மா இருப்பதாகவும், அதை விட்டால் மாதக் கடைசிதான் என்றும் சொன்னார்.

நான் கணக்குப் போட்டேன். முந்தின மாதம் முப்பதாக நிறைந்துவிட்டது. ஆகவே நோன்பு இருபத்தொன்பதில் முடியும், செவ்வாய் பெருநாள், புதன் பயணம். வாப்பா மட்டும் ஒரு தடவை சொன்னார்:

"பிறையக் காணாம நாள் குறிக்கிறாய் மகன். நம்மட ஊரில எந்த விசரனும் இப்பிடிச் செய்ய மாட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வானத்தை நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன், எனக்கு இவர் பாடம் எடுக்கிறாரே என்று நினைத்தேன். வேன்காரரிடம் புதன் என்றே உறுதி சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை நோன்பு திறந்த கையோடு ஊரே வயல் பக்கம் போய் நின்றது. எங்கள் ஊரில் கிழக்கே கடல். பிறை பார்க்க மேற்கே வயலுக்குத்தான் போக வேண்டும். பொழுதுபட்டால் வாசல் தாண்டாத தங்கை அன்றைக்கு உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பெண்கள் பின்னால் நின்றார்கள். அவள் மட்டும் என்னிடம் வந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். மேற்கே அடியில் ஒரு பட்டை மேகம் கிடந்தது. எல்லாரும் கழுத்து நோகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"காக்கா, அந்தா! அந்தத் தென்னங்கீத்துக்கு மேல. கண்டன், பிறையக் கண்டன்!"

அவள் சத்தமாகச் சொல்லிவிட்டாள். சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். அவள் நீட்டிய விரலின் நேரே நான் பார்த்தேன். மேகம்தான் இருந்தது. பள்ளிவாசல் பெரியவர் ஒருவர் கிட்ட வந்தார். பிறை கண்டதாக ஒருவர் சொன்னால் அதை விசாரித்து, சாட்சி கேட்டு, மேலே அறிவிக்க வேண்டும். பெருநாள் என்பது அந்த ஒரு வார்த்தையில் நிற்கிறது.

"ஆரு கண்ட? பொம்புளப் புள்ளயா? நல்லாக் கண்டியா மகள்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். பயணத்துக்கு ஆசைப்பட்டு இல்லாததைக் கண்டதாகச் சொல்கிறாள், ஊருடைய நோன்பைப் பாழாக்கிவிடுவாள் என்று பதறிவிட்டது. அன்றைக்குப் பிறை தெரியும் என்றுதான் என் கணக்கும் சொன்னது. ஆனாலும் என் கண்ணுக்குப் படாத பிறை அவள் கண்ணுக்கு எப்படிப் படும்?

"இல்ல ஹாஜியார், விடுங்க. அவளுக்குக் கண் தெரியாது."

அத்தனை பேருக்கும் நடுவில் சொன்னேன். ஒன்றரை வருஷமாக நாலு பேர் பூட்டி வைத்திருந்ததை நான் ஒரு மூச்சில் கொட்டிவிட்டேன். பெரியவர் அல்லாஹ்வே என்று முனகிவிட்டு நகர்ந்தார். தங்கை என் சட்டைக் கையை விட்டாள். உம்மா வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குக் கல்யாணம் பேச ஒருவரும் வரவில்லை.

பிறை தென்படவில்லை, நோன்பு முப்பது, புதன்கிழமைதான் பெருநாள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். செவ்வாய் மாலை பிறை தெரிந்தது. தடித்த பிறை, நெடுநேரம் நின்றது. இது இரண்டாம் பிறையல்லவா, நேற்றே இருந்திருக்குமே என்று றோட்டில் நின்றவர்கள் கதைத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் யாராவது அப்படிச் சொல்வார்கள்தான். நான் அன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவளுக்கு மிச்சமிருந்தது நடுவில் ஒரு சின்னத் துவாரம் அளவு பார்வை. அந்தத் துவாரத்துக்கு நேரே, மேகம் விலகிய ஒரு நொடியில், பிறை விழுந்திருக்கலாம். வீட்டுக்குப் போனபின்பும் அவளிடம் அதை நான் சொல்லவில்லை.

பெருநாள் காலை, நாங்கள் குளித்து உடுத்துத் தொழுகைக்கு வெளிக்கிடும் நேரம், வாசலில் ஹோர்ன் சத்தம். வேன்காரர் கழுவித் துடைத்த வேனோடு நின்றார். பிறை மாறியதை அவருக்குச் சொல்லியனுப்ப நான் மறந்துபோனேன். அவருக்குப் புதன் என்றால் புதன்தான்.

தங்கை புதுச் சேலையோடு ஓடிவந்தாள்.

"தொழுதுட்டு வாங்க காக்கா, போவம். பின்னேரத்துக்குள்ள போய்ச் சேந்துரலாம்தானே?"

"பெருநாளண்டு ஆராச்சும் வீட்டப் பூட்டிட்டுப் போவாங்களா புள்ள? வாற சனம் என்ன கதைக்கும்?" என்றார் உம்மா.

வாப்பா என்னைப் பார்த்தார். பயணம் என்னுடையது, வார்த்தையும் என்னுடையது. போவோம் என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் தடுத்திருக்க மாட்டார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். முந்தநாள் வயலோரத்தில் நடந்ததோடு இதுவும் சேர்ந்தால் ஊர் சிரிக்குமே என்றுதான் யோசித்தேன். மாதக் கடைசியில் போகலாம் என்றேன். வேன்காரருக்குப் பெருநாள் பலகாரமாக வட்டிலப்பமும் தொதலும் கட்டிக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கி, வேனைத் திருப்பினார். தங்கை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தம் ஓயும்வரை நின்றாள். அன்று முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் தேத்தண்ணி கொடுத்தாள்.

பெருநாள் கழிந்து பத்துப் பன்னிரண்டு நாளில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் நாடு பற்றி எரிந்தது. மாதக் கடைசியில் நான் பாண்டிருப்புக்குப் போனபோது வேனைக் கொட்டிலுக்குள் தள்ளி, மேலே கிடுகு போட்டு மூடியிருந்தார்.

"மாஸ்டர், கோவிக்காதீங்க. நான் இனி அந்தப் பக்கம் வரமாட்டன். எனக்கும் புள்ள குட்டி இரிக்கி."

எந்த முகத்தோடு கோவிப்பது? வந்த வழியே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வருஷம் போகலாம் என்றோம். அடுத்த வருஷம் வேறு வேன்காரரைக் கேட்டேன். றோட்டு எப்படி இருக்குமோ என்று இழுத்தார். எண்பத்தைந்தில் தமிழரும் முஸ்லிம்களும் மோதிக்கொண்டதில், பாண்டிருப்புக்காரர் எங்கள் ஊருக்கு வரவும், நாங்கள் அவர்கள் ஊருக்குப் போகவும் பயந்த காலம் வந்தது. அடுத்த ஊருக்கே போக ஏலாதவன் மலைக்கு எங்கே போவது? வழி கீறிய கொப்பியை ஒருநாள் உம்மா மீன் சுற்றுவதற்குக் கிழித்துக்கொண்டிருந்தார். நான் தடுக்கவில்லை.

தாள்கள் தீர்ந்துபோன கலண்டர் படத்தோடு மட்டும் சுவரில் தொங்கியது. அந்த வருஷக் கடைசியில் தங்கை, "அதக் கழட்டிருங்க காக்கா, பின்னால பூச்சி கூடு கட்டுது" என்றாள். பூச்சி எதுவும் இருக்கவில்லை. அவளுக்கு அப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் தெரிந்தது.

எண்பத்தாறு ஆகஸ்ட் விடுமுறையில் பண்டாரவளையில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். வெல்லவாயவில் பஸ் மாறி ஏறினேன். கொப்பியில் கீறிய அதே றோட்டு. பார்க்கக் கூடாது, அவளை விட்டுவிட்டு நான் மட்டும் பார்ப்பது அநியாயம் என்று நினைத்துக்கொண்டே சன்னலோர இடத்தைப் பிடித்தேன். மனிதனுடைய லட்சணம் இவ்வளவுதான்.

ஒரு பாலத்தடியில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். கடைக்காரரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் தியலும எங்கே என்று கேட்டேன். அவர் என் தலைக்கு மேலே கையைக் காட்டினார். நிமிர்ந்து பார்த்தேன். கறுப்புப் பாறை. படத்தில் கண்ட அதே பாறை. அதில் ஒரு ஈரக் கோடு. கழுவிய படங்கைக் கொடியில் போட்டால் ஓரத்தில் வடியுமே, அவ்வளவு தண்ணீர். மழைக்குப் பிறகு வர வேண்டும், ஜூலையிலும் ஆகஸ்டிலும் எப்போதும் இப்படித்தான் என்றார் கடைக்காரர்.

ஜூலையிலும் என்று அவர் சொன்னதை இரண்டாம் முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். நாங்கள் குறித்த புதன்கிழமையும் ஜூலையில்தான். அன்றைக்கு நான் போவோம் என்று சொல்லியிருந்தாலும் அவள் கண்டிருக்கப் போவது இந்த ஈரக் கோட்டைத்தான். மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் சட்டென்று இறங்கியதுபோல இருந்தது. வெட்கமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைத் தங்கையிடம் கொண்டுபோக வேண்டும், அவள் எதையும் இழக்கவில்லை என்று சொல்ல வேண்டும் என்று பயிற்சி முடியும்வரை துடித்துக்கொண்டிருந்தேன்.

வீடு வந்தபோது அவள் குசினியில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். விரல்களாலேயே பழுத்த இலையைப் பிரித்தெடுக்கப் பழகியிருந்தாள். பக்கத்தில் குந்தி எல்லாவற்றையும் சொன்னேன். பாறை, ஈரக் கோடு, கடைக்காரர் சொன்னது, ஜூலை மாதம். சொல்லச் சொல்ல என் குரல் ஏறியது.

அவள் முடியும்வரை கேட்டாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் முகத்தில் வைத்துக்கொள்கிற சிரிப்பு.

"எனக்காகப் பொய் சொல்றீங்க காக்கா. பரவாயில்ல."

"அல்லாஹ் மேல ஆணையா உண்மை புள்ள. நான் கண்ணால கண்டன்."

அவள் கை நின்றது.

"நானும்தான் அண்டைக்குக் கண்ணால கண்டன். நீங்க நம்பினீங்களா?"

நானும் ஒரு கொத்தை எடுத்து இலை உருவத் தொடங்கினேன். அவள் என்னைப் பார்த்திருந்தாள். பார்த்திருந்தாள் என்று பழக்கத்தில் எழுதுகிறேன், முகத்தை என் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். பிறகு இலையை எடுத்துக்கொண்டு, "அப்ப, தண்ணி விழுற சத்தம் எப்பிடி இரிந்த?" என்று கேட்டாள்.

சத்தமே இருக்கவில்லை. அதை நான் சொன்னேன். அவள் அதையும் நம்பவில்லை.