சுண்ணாம்புக் கோடு போட்ட வாய்க்கால்

எழுபதுகளின் கடைசியில் நான் கல்லூரியில் விலங்கியல் படித்தேன். எங்கள் தெருவில் பெரும்பாலும் மில் தொழிலாளர் குடும்பங்கள். அவர்களுக்கு அது கரப்பான் அறுக்கிற படிப்பு. ஒரு வைத்தியத்துக்கும் உதவாத படிப்பை எதற்குப் படிக்கிறாள் என்று அப்பாவிடம் கேட்காதவர்கள் இல்லை.

தெருவை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடியது. உழவர்கரைப் பக்கத்து மழைநீரோடு வழியெல்லாம் வீட்டுச் சாக்கடையையும் பட்டறைக் கழிவையும் சேர்த்துக்கொண்டு வரும். அதன் கரையிலேயே எங்கள் குடிநீர்க் கிணறு. ஒரு மழைக்காலத்தில் வாய்க்கால் பெருகிக் கிணற்றில் இறங்கியது. அடுத்தடுத்த வீடுகளில் மஞ்சள் காமாலை. என் தம்பியும் படுத்துக் கிடந்து பிழைத்தான். அன்றிலிருந்து அம்மா ஒவ்வொரு குடத்தையும் பயந்துகொண்டேதான் இறைத்தாள்.

தெருவுக்கு ஒரு குழாய் கேட்டு அப்பாவும் நாலு பேரும் நகராட்சிக்கு நடையாய் நடந்தார்கள். அப்பா அதைப் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் ‘மேரி’ என்றுதான் சொல்வார். வாய்க்கால் கெட்டிருக்கிறது என்று படித்தவர்கள் யாராவது எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார் அங்கிருந்த அதிகாரி. அந்த மனிதருக்கு மூக்கு என்று ஒன்று இருந்ததா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

நான் எங்கள் பேராசிரியரிடம் போய் நின்றேன். அவர் உடனே ஒப்புக்கொண்டார். தண்ணீர் காலையில் ஒன்று சொல்லும், மாலையில் ஒன்று சொல்லும். அடிச்சேற்றில் குடியிருக்கும் பூச்சி புழுக்களைக் கேட்டால்தான் உண்மை தெரியும் என்பது அவர் கட்சி. சேற்றை வாரிச் சலித்து, வெள்ளைத் தட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். தட்டானின் இளம் பூச்சிகள் இருந்தால் நீர் தேவலாம். சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் மூச்சுவிட வழியில்லாத நீர்.

கல்லூரியிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள் என்று வீட்டில் சொன்னேன். சொல்லிவிட்டு அத்தை வீட்டு விசேஷத்துக்கு வீராம்பட்டினம் போனவள், மறுநாள் அங்கிருந்தே கல்லூரிக்குப் போய் எல்லோருடனும் தெருவுக்கு வந்தேன்.

முனையிலேயே பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது. எங்கள் தெருவில் மாதா தேர் வந்தாலும் அம்மன் தேர் வந்தாலும் இரண்டு மதத்துக்காரர்களும் சேர்ந்துதான் சுத்தம் செய்வார்கள். அந்த மரியாதை முழுவதையும் வாய்க்காலுக்குச் செய்திருந்தார்கள். குப்பையை வாரி, சேற்றை அடிவரை வழித்தெடுத்து, திருவிழாவில் மிச்சமான பவுடரை மூட்டையோடு கொட்டி, இரண்டு கரையிலும் சுண்ணாம்புக் கோடு இழுத்திருந்தார்கள். அம்மா பட்டுப்புடவையில் நின்றாள். கலர் சோடா வேறு வாங்கி வைத்திருந்தார்கள்.

பேராசிரியர் சலித்துப் பார்த்தார். தட்டில் மணலைத் தவிர ஒன்றுமில்லை.

“கெட்ட தண்ணியிலயும் ஏதாவது உயிர் இருக்கும்மா. இதுல எதை வச்சு நான் எழுதறது?” என்றார் என்னிடம்.

எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் வந்துவிட்டது. அவர் மட்டும் சோடாவைக் குடித்துவிட்டு, தெரு மிக அழகாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு அன்று பெருமை பிடிபடவில்லை.

சேறு திரும்பப் படிந்த பிறகு இன்னொரு முறை வருவதாக அவர் சொல்லியனுப்பினார். அதுவரை யாரும் வாய்க்காலைத் தொடக்கூடாது, கரையைக்கூடக் கூட்டக்கூடாது என்று நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

“பொண்ணு பாக்க வர்றவங்க முன்னாடி அழுக்குப் பொடவையோட நில்லுன்னு சொல்ற. குழாய் வேணும்னா நாம நாறிக் காட்டணுமா?” என்றாள்.

இல்லாதவன் தன் இல்லாமையை விரித்துக் காட்டினால்தான் நம்புவேன் என்கிற உலகத்துக்கு விலங்கியலில் மருந்தில்லை.

இரண்டாம் முறை போனபோது வாய்க்கால் பழையபடி கறுத்துக் கிடந்தது. தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. அள்ளிய முதல் சேற்றிலேயே தட்டு சிவந்துவிட்டது. அவ்வளவு புழு. வேறு எந்த உயிரும் இல்லை. மாணவர்கள் கூடி நின்று வியந்தார்கள். என் தெருவின் சேற்றை அவர்கள் அப்படிப் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் இறங்கிய காரியம் ஜெயித்துவிட்டது என்பதும் தெரிந்தது. நிமிர்ந்தபோது எங்கள் வீட்டு ஜன்னலில் அம்மா நின்றாள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

பேராசிரியர் எழுதிக் கொடுத்தார். மேலும் கொஞ்சம் நடையாய் நடந்து, அடுத்த கோடைக்குள் குழாய் வந்தது. அதைத் திறந்துவைக்க அதே அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

திறப்பு நாளன்று விடியற்காலையில் யாரோ என் காலைத் தொட்டு எழுப்பினார்கள். அம்மா. ஒரு கையில் துடைப்பம், இன்னொரு கையில் சாணிக் கரைசல் வாளி. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வாசல் பெருக்க யாரையும் கேட்காதவள், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“இன்னைக்காவது கூட்டலாமா?”