குப்பை மேட்டில் வைத்த பெயர்

எனக்கு முதல் இரண்டும் ஆண் பிள்ளைகள். ஒன்று பதினோரு நாள் இருந்தது. இன்னொன்று ஒரு மாதம்கூட இல்லை. பிரெஞ்சுக்காரன் போன மூன்றாம் வருஷம் மூன்றாவதும் ஆணாகப் பிறந்தது. மாமியார் என்னைக் கேட்கவில்லை. அவர் சொன்னபடி என் கணவர் பிறப்பு பதியும் மேரி ஆபீசுக்கு, அதாவது நகராட்சிக்குப் போய் 'குப்புசாமி' என்று பதிந்துவிட்டு வந்தார்.

முதலியார்பேட்டையில் எங்கள் தெருவிலேயே நான்கு குப்புசாமிகள். மில்லில் ஷிப்ட் விடும்போது அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். பிள்ளை தங்காத வீட்டில், அடுத்ததைக் குப்பையில் புரட்டி, வேண்டாத பொருள் என்று எமனை நம்பவைக்க வைக்கும் பெயர் அது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பதினாறாம் நாள் காலை பெரிய மார்க்கெட்டின் பின்பக்கம் போனோம். மீன் குடல், அழுகிய கத்தரிக்காய், ஆட்டுத் தோல். முந்தின நாள் மழையில் ஊறி, புழு நெளிந்துகொண்டிருந்தது.

"முறத்தைப் புடி," என்றார் மாமியார்.

"வேணாம் அத்தை. வீட்டாண்ட கொஞ்சம் சருகு கொட்டி அதுல போட்டா ஆவாதா?"

"எமனுக்கே அருவருக்கணும்டி. சருகைப் பாத்து யாரு மூக்கைப் புடிப்பா?"

பிடித்தேன். குழந்தையை முறத்தோடு மூன்று தடவை குப்பையில் இழுத்தோம். மூன்றாம் தடவை முறம் சாய்ந்து, அதன் கன்னம் மீன் குடலில் பட்டது. அது அழவில்லை. நாக்கை நீட்டி உதட்டைச் சப்பியது. நான் அங்கேயே வாந்தி எடுத்தேன்.

வெந்நீரில் எத்தனையோ முறை குளிப்பாட்டினேன். இரண்டு நாளில் கன்னமெல்லாம் கொப்புளம் கிளம்பிச் சீழ் வைத்தது.

"இருக்கட்டும். இப்படி இருந்தாத்தான் அவன் தொட மாட்டான்," என்றார் மாமியார், திருப்தியாக. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

யாரிடமும் சொல்லாமல் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். புண்ணைத் துடைத்த நர்ஸம்மா பெயர் கேட்டார். சொன்னேன்.

"முன்னாடி எத்தினி போச்சு?" என்றார், தலை நிமிராமல்.

"ரெண்டு."

அவர் மருந்து போட்டுவிட்டு, தினமும் கூட்டிவரச் சொன்னார். போனேன். புண் ஆறியது, பிள்ளை பிழைத்தான். பெயர்தான் காப்பாற்றியது என்று மாமியார் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அவன் கேட்டான்: "என் பேருக்கு இன்னாம்மா அர்த்தம்?"

"உன்னைப் பொழைக்க வெச்ச பேரு," என்றேன்.

சொன்னதும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.