பிறெடியின் வலது கால்

பிறெடி சேண்ட் பேப்பர் வெட்டிக்கொண்டிருந்தான். தச்சர்கள் மரம் தேய்க்கிற முரட்டுத் தாள். கீபோட் வாசிக்கிற விரல்கள், வெட்டு நூல் பிடித்ததுபோல் நேராக வந்தது. கீபோட் சத்தத்தைக் காலால் கூட்டிக் குறைக்கிற வொலியூம் பெடலின் தட்டில் பசை பூசினான். தாளை ஒட்டி, இரண்டு பெருவிரலாலும் ஓரங்களை அழுத்தினான்.

"எதுக்கு இது?" என்று கேட்டேன்.

"கால் வழுக்குது, புளோறன்ஸ் அக்கா."

அவன் வெறுங்காலோடு வாசிக்கிறவன். வேர்த்தால் வழுக்கும்தானே என்று விட்டுவிட்டேன். பராமரிப்பு வேலை படித்து, இருபத்தாறு வருஷம் சனங்களின் வீடுகளில் நோயாளி பார்த்தவள் நான். பிறெடிக்குப் பத்து வருஷமாகச் சீனி வருத்தம். ஊசி குத்தி அளவு பார்க்க வாரம் ஒருமுறை அவன் வீட்டுக்குப் போவேன். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

அவனுக்கு ஐம்பத்தொன்பது வயது. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் நாலாவது வீடு. கிழமை நாட்களில் துறைமுகத்தில் கிளார்க். சனி ஞாயிறுகளில் றேமண்டின் பேண்டில் கீபோட். அவன் மனைவி யூஜினா அதே பேண்டில் பாட்டு. கலியாணம் முடித்த நாளிலிருந்து இருவரும் ஒரே மேடை.

எட்டு வருஷத்துக்கு முன் யூஜினாவுக்குக் கழுத்தில் ஒப்பரேஷன் செய்தார்கள். குரல் பாதிதான் திரும்பி வந்தது. மைக்கைக் கூட்டினால் அது கூவும். அவளை நிறுத்திவிட றேமண்ட் யோசித்தான். பிறெடி போய், "ரெண்டு மாசம் பொறு மல்லி, நான் பாத்துக்கொள்றன்" என்று சொன்னான். தம்பி என்பதைச் சிங்களத்தில் மல்லி என்றுதான் இருவரும் றேமண்டைக் கூப்பிடுவார்கள்.

பார்த்துக்கொண்டது காலால். அவனுக்கு இரண்டு கீபோட். கீழே உள்ளதில் பியானோ, மேலே உள்ளதில் வயலின் சத்தம். இரண்டின் வயரும் பக்கத்தில் இருக்கிற சின்ன மிக்ஸருக்குள் போகும். எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று பாட்டுக்கு முன்பே அதில் திருகி வைப்பான். மிக்ஸரிலிருந்து ஒரே ஒரு வயர் பெடல் வழியாகப் பெரிய ஸ்பீக்கருக்குப் போகும். விரல் பக்கம் மிதித்தால் சத்தம் கூடும், குதியைச் சாய்த்தால் குறையும். பாட்டுத் தொடங்கினால் இரண்டு கையும் வேலையில். மிச்சம் இருப்பது கால்தான். யூஜினா பாடும்போது குதி. அவள் மூச்செடுக்கும்போது விரல், அந்த இடைவெளியை வயலின் நிரப்பும். அவளுக்குக் குரல் குறைந்ததைச் சபையில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. யூஜினாவே பாதி மறந்துவிட்டாள்.

போன வருஷம் சத்தம் தாறுமாறாக வரத் தொடங்கியது. சேர்ச்சில் திருநாள் பூசையொன்றில், மெல்ல ஓய வேண்டிய வயலின், சுவாமி பிரசங்கத்துக்கு வாய் திறக்க வெடித்தது. றேமண்ட் ஒருநாள் வீட்டுக்கு வந்து பேசினான். நானும் அங்கே இருந்தேன்.

"அண்ணன், அந்தப் பெடலைக் கழட்டுங்க. ஹோல்ல சவுண்ட் பார்க்கிற பெடியன் கூட்டிக் குறைச்சுக்கொள்ளட்டும்."

"அவன் போனைப் பார்ப்பானா, யூஜினாவைப் பார்ப்பானா?"

"அப்ப மிக்ஸர்ல ஒரு அளவா வச்சிட்டு விடுங்க."

"ஒரு அளவா வச்சா அவள் அமுங்கிப் போவாள் றேமண்ட்."

"அண்ணன், இன்னொரு தரம் இப்படி நடந்தா நான் வேற ஆளைத்தான் போடணும். பிறகு கோவிக்காதீங்க."

"நான் இல்லாட்டி அவளையும் நிப்பாட்டுவாய்."

றேமண்ட் தேநீரைக் குடித்து முடித்தான்.

அதற்கு அடுத்த கிழமைதான் அந்தத் தாள் ஒட்டியது. பிறெடியின் பாதத்தில் உணர்ச்சி செத்துப்போயிருந்தது. பெடல் மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை. முரடாக இருந்தால் தெரியும் என்று நினைத்தான். அதையும் யூஜினாவிடமோ என்னிடமோ சொல்லவில்லை. மூன்று கிழமை, பின்னேரந்தோறும் வெறும் பாதத்தை அதில் தேய்த்துப் பழகினான். வீட்டுக்குள்ளே சொக்ஸ் போட ஆரம்பித்தான்.

"காலைக் காட்டு" என்று ஒருநாள் கேட்டேன். இடது காலைக் காட்டினான். சுத்தமாக இருந்தது. மற்றதையும் காட்டென்று நான் சொல்லவில்லை. வேறு வீட்டுக்குப் போகிற அவசரம். இருபத்தாறு வருஷத்தில் செய்யாத பிழை.

பிறகு இரத்மலானையில் ஒரு கலியாணம், பகல் சாப்பாட்டு நேரம். பொம்பிளை வீட்டார் எனக்கும் சொல்லியிருந்தார்கள். கேக் வெட்டியதும் யூஜினா பாட எழும்பினாள். முதல் இரண்டு வரி நன்றாகத்தான் போனது. மூன்றாவது வரியில் வயலின் பஸ் ஹோர்ன் மாதிரி ஏறியது. இறங்கவே இல்லை. யூஜினாவின் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. ஒரு பிள்ளை காதைப் பொத்தியது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் சிரித்தார்கள். பிறெடியின் கண் அவள் முதுகிலேயே இருந்தது. குதியைச் சாய்த்துவிட்டதாகத்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

றேமண்ட் ஓடிப்போய் மிக்ஸரை அடியோடு மூடினான். அப்போதுதான் யூஜினாவின் குரல் வெளியே வந்தது, தனியாக, பாதியாக. ஹோல் முழுக்க அதைக் கேட்டது. அவள் பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

மேடைக்குப் பின்னால் வைத்துக் கேட்டாள்: "என்னை வெக்கப்படுத்தவா இவ்வளவு காலம் பக்கத்தில இருந்தீங்க?"

"நான் குறைச்சனான், யூஜி. காலைக் கீழதான் வச்சனான்."

"எங்க குறைச்சீங்க?"

எனக்கு அழுகல் மணம் அடித்தது. அந்த மணம் எனக்குப் பழக்கம். அவனைக் கதிரையில் இருத்தி வலது காலைத் தூக்கினேன். பெருவிரலின் அடியில் ஒரு ரூபாய்க் காசுக் குற்றியளவு ஓட்டை. விரல் கறுத்திருந்தது. பெடலில் இருந்த தாள் முழுக்க ரத்தம்.

யூஜினா பெடலைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். "எப்ப இருந்து?" என்று கேட்டாள்.

"நோகேல்ல, யூஜி. நொந்திருந்தாச் சொல்லியிருப்பன்."

அவள் அந்த அழுக்குத் தரையிலேயே உட்கார்ந்து அவன் காலை மடியில் வைத்துக்கொண்டாள். அழட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டேன். பிறகு வேன் பிடிக்கச் சொன்னேன். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலும்பு வரைக்கும் பழுதாகிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார் டொக்டர். நத்தார், அந்தக் கிறிஸ்மஸ் பாட்டெல்லாம் முடிய எடுக்கலாமா என்று பிறெடி கேட்டான். டொக்டர் காய்ச்சல் அளவை அவனிடமே காட்டினார்.

"மற்றக் கால் இருக்குத்தானே, அதால மிதிக்கலாமே?" என்றான் பிறெடி.

"அதிலயும் உணர்ச்சி இல்லை. இனி அதையாவது காப்பாத்திக்கொள்ளுங்க."

அடுத்த நாள் காலை யூஜினா ஒப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டாள். எட்டு மணிக்கு அவனை உள்ளே கொண்டுபோனார்கள். வார்டு வாசலில் நின்று றேமண்டுக்குப் போன் எடுத்தாள்.

"இனி நாங்க ரெண்டு பேரும் வரமாட்டோம், மல்லி."

அவன் ஏதோ நீளமாகச் சொன்னான். "இல்ல. நானும் இல்ல" என்று வைத்துவிட்டாள்.

அவளை வார்டில் விட்டுவிட்டு நான் அவர்கள் வீட்டைத் திறந்தேன். படுக்கை அறை மேல்மாடியில். ஒற்றைக் காலோடு அந்தப் படி ஏற முடியாது. முன்னறையில் கட்டில் போடுகிற அளவுக்கு ஒரே ஒரு இடம், அதில் அவன் வீட்டில் பழகுகிற கீபோட்டின் ஸ்டாண்ட் நின்றது. பக்கத்து வீட்டு அஸாமைக் கூப்பிட்டேன். ஸ்டாண்டைக் கழற்றி மேலே ஏற்றினோம். கட்டிலைக் கீழே இறக்கி, சுவரோடு போட்டு, விரிப்பு விரித்தேன். குளியலறைக் கதவின் அகலத்தை டேப் பிடித்து அளந்தேன். சக்கர நாற்காலி போக மூன்று அங்குலம் குறைவு. தச்சனுக்குச் சொல்லி அனுப்பினேன்.